மலைக்குக் காவல் யார்?



உயரமான மலைகளில் வாழும் மக்களுக்குச் சுற்றுலா என்ன செய்திருக்கிறது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஆல்ப்ஸ், ஆண்டீஸ், இமயம் என்று உலகத்து மலைகளையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் தொட்டுக்கொண்டு போனால் எதையும் நின்று பார்க்க முடியாது. அதனால் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேபாளத்தின் வடகிழக்கில், எவரெஸ்டின் தெற்குச் சரிவில் இருக்கும் கும்பு. ஷெர்ப்பா மக்களின் நாடு அது. சுற்றுலாவே இல்லாத காலத்தையும் சுற்றுலாவே சோறு போடும் காலத்தையும் ஒரே தலைமுறை தன் கண்ணால் பார்த்த இடம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை கெடுவதற்குக் காரணம் வருகிறவர்களின் கூட்டம் என்று பொதுவாகச் சொல்கிறோம். கூட்டம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கும்புவின் வரலாற்றை ஊன்றிப் படித்தால் இன்னொன்று தெரிகிறது. விதி வகுக்கும் உரிமை ஊராரிடம் இருந்த இடங்களில் கேடு குறைந்திருக்கிறது. அந்த உரிமை தலைநகருக்கும் கம்பெனிகளுக்கும் போன இடங்களில் கேடு வளர்ந்திருக்கிறது. இதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

சுற்றுலா வருமுன்

ஷெர்ப்பாக்கள் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மலை தாண்டி வந்தவர்கள். பௌத்தர்கள். கும்பு தங்களுக்காகவே மறைத்துவைக்கப்பட்டிருந்த புனித நிலம் என்பது அவர்கள் நம்பிக்கை. கும்ஜுங் ஊருக்கு மேலே நிற்கும் கும்பிலா சிகரத்தில் அந்த நிலத்தின் காவல் தெய்வம் குடியிருக்கிறது. எவரெஸ்டின் மேல் ஆயிரக்கணக்கானோர் ஏறிவிட்டார்கள். உயரத்தில் அதைவிட மிகச் சிறியதான கும்பிலாவின் உச்சியை இன்றும் யாரும் மிதிப்பதில்லை.

மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம் மீட்டர் உயரத்தில் விளைவது கொஞ்சம்தான். பார்லி, பாப்பரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்துசேர்ந்த உருளைக்கிழங்கு. யாக் மாடுகள் பாலும் உரமும் கம்பளியும் தந்தன. குறைந்ததை வணிகம் நிரப்பியது. 5,716 மீட்டர் உயரத்திலுள்ள நங்பா லா கணவாய் வழியாகத் திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் வந்தன, தெற்கிலிருந்து தானியம் போனது.

இந்தக் குறைந்த வளத்தைக் காப்பாற்ற அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. ஊர் கூடி, முறைவைத்து, ‘நவா’ என்ற காவலரை நியமிக்கும். காட்டைப் பார்த்துக்கொள்பவர் ஷிங்கி நவா. எந்தக் காட்டில் எந்த மரத்தை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்பது அவர் பொறுப்பு. பயிரையும் மேய்ச்சலையும் பார்த்துக்கொள்பவர் ஒஷோ நவா. கோடையில் வயலில் பயிர் நிற்கும்போது மாடுகள் ஊரெல்லைக்குள் வரக் கூடாது, பச்சை மரம் வெட்டக் கூடாது. மீறியவர் தண்டம் கட்டியாக வேண்டும். எழுத்தில் இல்லாத சட்டம்தான். ஆனால் காவலரும் பக்கத்து வீட்டுக்காரர், குற்றவாளியும் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் அது வேலை செய்தது.

1957இல் நேபாள அரசு காடுகளை நாட்டுடைமை ஆக்கியது. மரம் வெட்ட அனுமதி தரும் அதிகாரம், ஊரிலிருந்து பல நாள் நடைத் தொலைவில் இருந்த அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டது. காட்டின் காவலராக இருந்தவர்கள் மனுதாரர்கள் ஆனார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் திபெத் எல்லையில் கெடுபிடி வந்து உப்பு வணிகமும் நொடித்தது. கும்புவுக்குள் சுற்றுலா நுழைந்த நேரம் இதுதான். ஒரு பக்கம் வருமானம் அறுந்திருந்தது, இன்னொரு பக்கம் காவல் தளர்ந்திருந்தது. பின்னால் நடந்த நன்மைக்கும் தீமைக்கும் இந்த இரண்டும் சேர்ந்துதான் அடித்தளம்.

கதவு திறந்த கதை

1950இல்தான் மேலைநாட்டவரின் முதல் குழு கும்புவுக்குள் வந்தது. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் சிகரத்தை எட்டினார்கள். ஹிலாரி அந்த மக்களை மறக்கவில்லை. 1961இல் கும்ஜுங்கில் பள்ளிக்கூடம் எழும்பியது. 1964இல் லுக்லாவில் ஒரு சிறு விமான ஓடுதளம் அமைந்தது. 1966இல் கும்ஜுங்குக்குப் பக்கத்து ஊரான குண்டேயில் மருத்துவமனை வந்தது. அயோடின் குறைவால் தலைமுறை தலைமுறையாக மக்களை வாட்டிய கழுத்துக் கழலையையும், அதோடு சேர்ந்து பிறவியிலேயே வந்த மூளை வளர்ச்சிக் குறையையும் அந்த மருத்துவமனை கட்டுக்குள் கொண்டுவந்தது. இது சாதாரணமான சாதனை இல்லை.

லுக்லா ஓடுதளம் மருத்துவமனைக்கான பொருட்களைக் கொண்டுவரத்தான் போடப்பட்டது. ஆனால் காத்மாண்டுவிலிருந்து இரண்டு வாரம் நடந்து வர வேண்டிய இடத்துக்கு அரை மணி சொச்சத்தில் வந்துவிடலாம் என்றானபோது உலகமே அந்த வழியாக வந்தது. அதே 1964இல் நேபாளத்தின் முதல் மலைநடைப் பயண நிறுவனமும் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில் இருந்த வருகை, 2018 வாக்கில் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஊர்க்காரர்களோ சில ஆயிரம் பேர்தான். ஒவ்வொரு விருந்தினருக்கும் பின்னால் வழிகாட்டி, சமையல்காரர், சுமைகாரர் என்று வருகிறவர்களையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஷெர்ப்பாக்களின் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் விமானிகளாகவும் வனப் பூங்கா அதிகாரிகளாகவும் உயர்ந்தார்கள். வறுமை குறைந்தது. ‘பாவம், மலைவாசிகளைச் சுற்றுலா கெடுத்துவிட்டது’ என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பரிதாபப்படும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் தெரிந்தே, விரும்பியே இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். அதன் விலை என்ன, அதை யார் கட்டுகிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

காடும் குப்பையும் நீரும்

முதலில் காடு. 1976இல், எவரெஸ்டின் நேபாளப் பெயரில், சகர்மாதா தேசியப் பூங்கா உருவானது, பரப்பு 1,148 சதுர கிலோமீட்டர். 1979இல் உலக பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எவரெஸ்ட் வட்டாரத்துக் காடே அழிந்துகொண்டிருக்கிறது என்று அந்நாளில் பலர் எழுதினார்கள். பழைய ஒளிப்படங்களையும், அதே இடத்தில் நின்று பிற்காலத்தில் எடுத்த படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கீழ்ச்சரிவுகளின் காடு அஞ்சிய அளவுக்குக் குறையவில்லை. உண்மையான காயம் மேலே இருந்தது. நாலாயிரம் மீட்டருக்கு மேல், மரம் முளைக்காத உயரத்தில், தரையோடு தரையாகப் படரும் ஜூனிப்பர் புதர்களை விடுதி அடுப்புகளுக்காகவும் பயணக் குழுக்களின் குளிர்காய்தலுக்காகவும் வேரோடு பிடுங்கியிருந்தார்கள். அந்தக் குளிரில் கை மொத்தத் தண்டு திரள ஒரு மனித ஆயுள் போதாது. வேர் போனால் மண்ணும் போகும்.

பூங்கா நிர்வாகம் தொடக்கத்தில் ஊராரை விலக்கி வைத்துத்தான் யோசித்தது. விறகுக்குத் தடை என்றார்கள், மக்கள் வெறுத்தார்கள். பிறகு ஷெர்ப்பாக்களிலிருந்தே பூங்கா அதிகாரிகள் வந்தார்கள். எண்பதுகளில் ஷிங்கி நவா முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். தாமே பள்ளத்தாக்கில் ஆஸ்திரிய உதவியோடு கட்டிய 620 கிலோவாட் நீர்மின் நிலையம் தொண்ணூறுகளின் நடுவில் ஓடத் தொடங்கியது. நாம்சே முதலான ஊர்களின் சமையலறைகளில் மின் அடுப்பு வந்தது, விறகின் தேவை இறங்கியது. அந்த மின்சாரத்தை நிர்வகிக்க உள்ளூர் மக்களே பங்குகொள்ளும் நிறுவனமும் அமைந்தது. தடையாணை சாதிக்காததை ஊரின் பொறுப்பும் மாற்று அடுப்பும் சேர்ந்து சாதித்தன.

அடுத்தது குப்பை. 1991இல் ஷெர்ப்பாக்களே நாம்சேயில் சகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்தார்கள். பீர் பாட்டில்கள் மலைபோல் குவிந்தபோது, 1998இல் கண்ணாடி பாட்டில்களையே பள்ளத்தாக்குக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வருமானம் தரும் சரக்கைத் தாங்களாகவே நிறுத்திய விடுதிக்காரர்களை நாம் பாராட்ட வேண்டும். 2020இல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு உள்ளூர் ஊராட்சி தடை போட்டது. திரும்பி வரும் நடைப்பயணிகள் ஆளுக்கு ஒரு கிலோ அளவில் நறுக்கிய குப்பையைப் பையில் வாங்கி லுக்லாவரை சுமந்துவரும் ஏற்பாடும் நடக்கிறது.

மேலே, சிகரத்துக்கு ஏறும் பகுதியில் கதை வேறு. அங்கே உரிமம் கொடுப்பது காத்மாண்டு. ஒவ்வொரு குழுவும் 4,000 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், குப்பையைக் கீழே கொண்டுவந்தால் திரும்பப் பெறலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2014இல், ஏறுகிற ஒவ்வொருவரும் எட்டு கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று சேர்த்தார்கள். ஆனால் ஒரு லட்சம் டாலர்வரை செலவழித்து வருகிறவருக்கு அந்த முன்பணம் பெரிதாக இருக்கவில்லை. கண்காணிப்பதும் கீழே இருக்கும் அடிவார முகாமில்தான். எட்டாயிரம் மீட்டர் உயரத்து முகாமில் கிழிந்த கூடாரங்களும் ஆக்சிஜன் உருளைகளும் இன்றும் கிடக்கின்றன. 2023இல் எவரெஸ்ட்டுக்கு மட்டும் 478 வெளிநாட்டவருக்கு உரிமம் வழங்கப்பட்டது. ஒருவருக்கு 11,000 டாலராக இருந்த கட்டணம் 2025 செப்டம்பரில் 15,000 ஆனது. பணம் கூடுகிறது. அந்தப் பணத்தை எந்தச் சரிவைத் துப்புரவு செய்யச் செலவிடுவது என்று சொல்லும் அதிகாரம் இன்னும் பள்ளத்தாக்குக்கு வரவில்லை.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், மனிதக் கழிவு. அந்தக் குளிரில் எதுவும் எளிதில் மக்குவதில்லை. அடிவார முகாமின் கழிவைப் பீப்பாய்களில் அடைத்து, ஆட்கள் முதுகில் சுமந்து, 5,164 மீட்டர் உயரத்திலுள்ள கோரக் ஷெப் பக்கம் குழிகளில் கொட்டுகிறார்கள். வழியெங்கும் விடுதிகளில் நீர் ஊற்றும் கழிப்பறையும் வெந்நீர்க் குளியலும் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை. ஊற்றுநீரை நம்பி வாழும் ஊர்களுக்கு இது நோயை அழைத்து வருகிறது. உயரத்து முகாம்களில் கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2024இல் முதலில் ஆணையிட்டதும் அந்த உள்ளூர் ஊராட்சிதான் என்பதைக் கவனியுங்கள்.

மனிதர் கொடுக்கும் விலை

1922இல் பிரிட்டிஷ் குழு எவரெஸ்டில் ஏற முயன்றபோது பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் சுமை தூக்கிய மலைவாழ் தொழிலாளர்கள். எட்டு ஆண்டு குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2014 ஏப்ரல் 18 அன்று, கும்பு பனியாற்றின் உடைந்த படுகையில் பனிப்பாளம் சரிந்து 16 பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பிறர் ஏறுவதற்காகக் கயிறும் ஏணியும் கூடாரமும் சுமந்து போனவர்கள். பணம் கட்டி வந்தவர் அந்த இடத்தை ஒரு பருவத்தில் சில தடவை கடப்பார். சுமை தூக்குகிறவர் பல மடங்கு அதிகமாகக் கடக்கிறார்.

அன்று அரசு முதலில் அறிவித்த உடனடி உதவி, குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய். ஒரு வெளிநாட்டுப் பயணி உரிமத்துக்குக் கட்டும் தொகையில் அது இருபதில் ஒரு பங்குகூட வராது. ஷெர்ப்பாக்கள் கொதித்தார்கள், வேலைக்குப் போக மறுத்தார்கள், அந்தப் பருவமே தென்பக்கத்தில் ஏறக்குறைய முடிந்துபோனது. அதன் பிறகுதான் உயிர்க் காப்பீடு பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சமாக உயர்ந்தது. உழைப்பவர்கள் ஒன்றுகூடிக் கேட்டதால் கிடைத்தது அது.

அவர்களுக்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. கீழ்மலைகளிலிருந்து வரும் ராய், தமாங், மகர் இனத்துச் சுமைகாரர்கள். டோகோ என்ற கூடையை முதுகில் வைத்து, நம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி, தன் எடையைவிடக் கூடுதலான விடுதிச் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் அவர்களில் உண்டு. ‘மலைவாசிதானே, குளிரும் உயரமும் பழகியிருக்கும்’ என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். தாழ்ந்த பகுதிகளிலிருந்து வரும் அவர்களை உயர நோய் நம்மைப் போலவே தாக்கும். கம்பளி உடையும் இரவில் ஒதுங்க இடமும் இல்லாமல் இவர்களில் பலர் வழியிலேயே இறந்திருக்கிறார்கள்.

ஊருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு பெருகியிருக்கிறது. அடிவார முகாமுக்குப் போகும் பாதையின் மேல் நிலம் வைத்திருந்தவர் விடுதி கட்டினார். பாதை தொடாத ஊரில் இருந்தவர் கூலிக்குப் போனார். வசதி வந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்கும் வெளிநாட்டுக்கும் படிக்க அனுப்பின. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. சுற்றுலா தந்த கல்வியே ஊர்ப் பள்ளியை வெறுமையாக்குவது வேதனையான ஒன்று. யாக் மேய்ப்பு குறைந்து, சுமை தூக்க உதவும் கலப்பின மாடுகள் பெருகின. ஆள் குறைந்த ஊரில் நவா முறை எப்படி நிற்கும்? காவலிருக்க ஒரு தலைமுறை வேண்டுமே. 2020இல் பெருந்தொற்றால் மலை மூடப்பட்டபோது, ஒரே தொழிலை நம்பிய பள்ளத்தாக்கு எவ்வளவு ஆட்டங்காணும் என்பதை அவர்கள் அனுபவித்தார்கள். அந்த ஆண்டு அவர்களுக்குக் கைகொடுத்தது உருளைக்கிழங்கு வயல்.

உருகும் பனி

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இந்துகுஷ் இமயப் பகுதியின் பனியாறுகள் முந்தைய பத்தாண்டைவிட 2011க்கும் 2020க்கும் இடையில் 65 விழுக்காடு வேகமாகத் தேய்ந்தன என்று ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2023இல் அறிவித்தது. உருகும் நீர், பனியாற்றின் முன்னே கற்குவியல்களுக்குப் பின்னால் ஏரியாகத் தேங்குகிறது. 1985 ஆகஸ்ட்டில் கும்புவின் டிக் சோ ஏரி உடைந்து, கட்டி முடிக்கும் நிலையில் இருந்த நீர்மின் நிலையத்தை அடித்துக்கொண்டு போனது. 2016இல் இம்ஜா ஏரியின் நீர்மட்டத்தை வாய்க்கால் வெட்டி மூன்று மீட்டருக்கும் மேல் இறக்கினார்கள். ஆனால் 2024 ஆகஸ்ட் 16 அன்று, யாரும் அஞ்சாத ஒரு சிறிய ஏரி உடைந்து தாமே ஊருக்குள் பாய்ந்தது. பள்ளியும் சுகாதார நிலையமும் பல வீடுகளும் போயின.

தாமே எது தெரியுமா? எவரெஸ்டில் உலகிலேயே அதிக முறை ஏறிய காமி ரீட்டா ஷெர்ப்பாவின் ஊர். அடிவார முகாமின் முதன்மைப் பாதையிலிருந்து விலகி நிற்கும் ஊரும்கூட. விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் எரிக்கும் எண்ணெய்க்கு நாம் எல்லோரும் பொறுப்பு. வெள்ளம் மட்டும் தாமேக்கு வருகிறது.

மற்ற மலைகள்

கும்புவின் பாடம் மற்ற இடங்களுக்கும் பொருந்துமா? பூட்டான் 1974இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தபோதே வருகையைக் கட்டணத்தால் கட்டுப்படுத்தியது. இப்போதும் பெரும்பாலான வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் நூறு டாலர் தனிக் கட்டணம். 2003இலிருந்து மலையேற்றத்தையே அங்கே தடை செய்துவிட்டார்கள். 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் இன்னும் யாரும் ஏறாத சிகரமாக நிற்கிறது. தெய்வம் உறையும் இடம் என்று மக்கள் சொன்னதை அரசு சட்டமாக்கியது.

அதே 1974இல்தான் நம் நாட்டின் லடாக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டு வந்தவர்கள் சில நூறு பேர். இப்போது வருகிறவர்கள் அங்கு வாழும் மக்கள்தொகையைவிட அதிகம். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத நிலம், பனி உருகினால்தான் தண்ணீர். ஒரு துளி நீர் இல்லாமல், கழிவை மண் போட்டு எருவாக்கும் கழிப்பறையை லடாக்கியர் வீடுதோறும் வைத்திருந்தார்கள். லே நகரத்தின் ஓட்டல்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டி, நீர் ஊற்றும் கழிப்பறை வைத்தன. அதே லடாக்கின் ரும்பக் போன்ற கிராமங்களில் ஊரே முடிவுசெய்து, விருந்தினரை வீடுகளுக்கு முறைவைத்து அனுப்புகிறார்கள். வருமானம் எல்லா அடுப்புக்கும் போகிறது, ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குச் சேர்கிறது. பனிச்சிறுத்தை ஆட்டைக் கொன்றால் முன்பு அதைக் கொன்றவர்கள், இன்று அதைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

நேபாளச் சட்டப்படி, பூங்கா வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களின் வளர்ச்சிக்குத் திரும்ப வேண்டும். கும்புவில் இதற்கான எல்லை மண்டலம் 2002இல் அறிவிக்கப்பட்டது. நல்ல சட்டம். சிகர உரிமத்தின் பெரும்பணத்திலும் இப்படி ஒரு நிலையான பங்கு பள்ளத்தாக்குக்கு வேண்டும். புதிய விடுதிக்கு அனுமதி தருமுன், அந்த ஊரின் ஊற்று அதைத் தாங்குமா, கழிவு எங்கே போகும் என்று கேட்டு மறுக்கும் அதிகாரம் ஊருக்கு வேண்டும். சிகரம் ஏறுகிறவருக்கு இருக்கும் காப்பீடு, கீழே கூடை சுமக்கிறவருக்கும் வேண்டும். ஏரிகளைக் கண்காணித்து ஊரை எச்சரிக்கும் செலவை உலகம் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இனி, நமக்கு. தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் அடிவார முகாமுக்கும் லடாக்குக்கும் போகிறீர்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போகுமுன் பயண நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் சுமையைத் தூக்குகிறவருக்கு எத்தனை கிலோ? அவருக்குக் காப்பீடு உண்டா? இரவில் அவர் எங்கே படுப்பார்? பதில் இல்லையென்றால் வேறு நிறுவனம் பாருங்கள். ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்குங்கள். அங்கே சமைப்பதைச் சாப்பிடுங்கள். வெந்நீர்க் குளியலைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நடந்து ஏறியவர்கள் நோயில்லாதபோது ஹெலிகாப்டரில் இறங்காதீர்கள். ஊர் ஒரு இடத்தைத் தொடாதே என்றால் தொடாதீர்கள், ஏன் என்று வாதாடாதீர்கள்.

மலையில் பிறந்தவர்கள் நம் வருகைக்காகத் தங்கள் நீரையும் நிலத்தையும் உயிரையும் செலவழிக்கிறார்கள். அந்த மலையின் காவல் அவர்கள் கையில் இருக்கட்டும். அவர்கள் வகுக்கும் விதிக்குக் கட்டுப்பட்ட விருந்தாளிகளாக நாம் போவோம்.